மேடை போக மீதி

அந்த வட்டார ஹேண்ட்பால் சம்மேளனத்தில் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், இருபத்தேழு துணைத்தலைவர்கள், ஒரே ஒரு கோல்கீப்பர். கோல்கீப்பருக்கு ஜுரம் வந்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. துணைத்தலைவர் யாருக்காவது ஜுரம் வந்தால், அவர் குணமடைய வேண்டித் தீர்மானம் போடுவார்கள். அதை ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, மற்ற எல்லாரும் ஆளுக்குப் பத்து நிமிடம் ஜுரத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

இதையெல்லாம் குறையென்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, குறை சொல்பவர்களுக்கென்று அங்கே ஒரு படிவம் இருக்கிறது, அது அச்சுக்குப் போயிருக்கிறது. நம் ஆள் அந்தப் படிவத்துக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவர்.

நம் ஆளை எல்லாரும் ‘இடக்கை’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்கு வருடம் ஆட்டக்காரராக இருந்தார். மூன்று எட்டு வைத்து, காற்றில் எழும்பி, எதிரணிக்காரன் தலைக்கு மேலே இடது கையால் ஒரு எறி எறிவார் பாருங்கள், கோல்கீப்பர்கள் பந்தைத் தடுப்பதைவிட முகத்தைக் காப்பாற்றுவதையே பெரிதாக நினைத்தார்கள். அப்படி எறிந்து எறிந்தே தோள் போயிற்று. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அவரே படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, உங்க தோள்பட்டையில தோள்பட்டையவே காணோம்” என்றார்.

சம்மேளனம் அவருக்கு ஓய்வு விழா நடத்தியது. நான்கு மணி நேர விழாவில் அவரைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசினார்கள். கடைசியில் தலைவர் எழுந்து, இன்று முதல் இவரே பெண்கள் அணியின் கோச் என்று அறிவித்தார். இடக்கை அழுதுவிட்டார். ஆட்டம்தான் போச்சு, களமாவது மிச்சம் இருக்கே என்று நினைத்து அழுத அழுகை அது. பாவம், மனிதர் விவரம் தெரியாமல் நினைத்துவிட்டார்.

மறுநாள் விசிலும் பந்துமாக உள்ளரங்கத்துக்குப் போனால், வடக்கு கோல் இருக்க வேண்டிய இடத்தில் நேற்றைய மேடை இருந்தது. நான்கு மீட்டர் ஆழம், அரங்கின் அகலம் முழுக்க. தச்சர் அதன் விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எப்ப பிரிப்பீங்க?” என்று கேட்டார் இடக்கை.

“போடச் சொல்லித்தான் சார் உத்தரவு வந்துச்சு. பிரிக்கச் சொல்லி ஒண்ணும் வரல.”

செயலாளரிடம் போனார். செயலாளர் மெலிந்த மனிதர். எப்போதும் கையில் ஒரு கோப்பு. யாராவது கேள்வி கேட்டால் முதலில் கோப்பைத் திறந்து பார்ப்பார், பதில் அதில் இல்லையென்றால் கேள்வியே இல்லை என்பது அவர் கட்சி.

“அடுத்த விழாவுக்கு மறுபடி போடணுமே கோச். எதுக்கு ரெட்டை வேலை?”

“அடுத்த விழா எப்ப சார்?”

“மேடை இருக்கும்போது விழாவுக்கா பஞ்சம்?”

ஹேண்ட்பால் களம் நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். இந்தக் கோலிலிருந்து அந்தக் கோலுக்கு மூச்சிரைக்க ஓட வேண்டும், ஓடினால்தான் ஆட்டம். இடக்கை வடக்கு கோலை நான்கு மீட்டர் முன்னால் நகர்த்தி வைத்தார். ஒரு வாரத்துக்குத்தானே என்று கோடுகளைச் சாக்பீஸால் போட்டார்.

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்குமாம். அந்த வருடம் மூன்று துணைத்தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு ஒரு வரிசை. அடுத்த வருடம் இன்னும் மூன்று பேர். அவர்களையும் பழைய வரிசையிலேயே உட்கார வைத்திருக்கலாம், இருபது மீட்டர் அகலத்தில் மூன்று நாற்காலி போக மீதி இடத்தில் மாடு மேய்க்கலாம். ஆனால் ஒரு வருடம் மூத்தவரும் ஒரு வருடம் இளையவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தால் மூப்புக்கு என்ன மதிப்பு? ஆகவே வருடத்துக்கு ஒரு வரிசை என்று விதி செய்தார்கள். வரிசைக்கு ஒன்றரை மீட்டர். வரிசைக்குள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானால் மைக் கேட்டு வாங்கிப் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பது வருடம், ஒன்பது வரிசை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நாற்பது மீட்டர் களம் இருபத்திரண்டரையாகத் தேய்ந்தது. ஆண்டு விழாவில் தலைவர் இதை மறைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “நான் பொறுப்புக்கு வந்தப்ப இந்த மேடை எவ்வளவு? வெறும் நாலு மீட்டர்! இன்னைக்குப் பதினேழரை மீட்டர்! ஹேண்ட்பால் வளரலைன்னு சொல்றவங்க டேப் எடுத்துட்டு வந்து அளந்து பாக்கட்டும்!”

கைதட்டினார்கள். இடக்கையும் தட்டினார். தட்டாமலிருந்தால் வேலை போய்விடும் என்பதற்காகத் தட்டினார்.

பயிற்சி மாலை நான்கிலிருந்து ஆறு வரை. நிர்வாகக் குழுக் கூட்டமும் நான்கிலிருந்து ஆறு வரை, அதே மேடையில். மூன்றாம் வருடம் ஒரு பந்து எகிறிப் போய்த் தலைவரின் தண்ணீர் தம்ளரைத் தட்டிவிட்டது. விசாரணைக் கமிட்டி போட்டார்கள். பந்தைச் சாட்சிப் பொருளாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பதினெட்டு மாதம் விசாரித்து, பந்து வேகமாக வந்ததே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதன்பின் வந்த சுற்றறிக்கையில் இரண்டு கட்டளை. ஒன்று, கூட்டம் நடக்கையில் ஆட்டக்காரிகள் சத்தம் போடக் கூடாது. இரண்டு, யார் கோல் போட்டாலும், நடந்த அவமரியாதைக்கும் நடக்கக்கூடிய அவமரியாதைக்கும் சேர்த்து, மேடையைப் பார்த்துத் திரும்பி, இடுப்பு வரை குனிந்து ஒரு வணக்கம் வைக்க வேண்டும்.

ஒருத்தி கழுத்து வரைதான் குனிந்தாள் என்று ஆறு மாதம் தடை விதித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் ஒழுங்காகக் குனிந்தார்கள். குனியாத ஒரே ஆள் கோல்கீப்பர். அவளுக்குப் பட்டப்பெயர் ‘கதவு’. கோல்கீப்பர் கோல் போடுவதில்லை, ஆகவே அவள் குனிய வேண்டிய அவசியமே வரவில்லை. வாய்த்துடுக்கு வேறு. “சார், இன்னும் நாலு வருஷம் போனா நான் ரெண்டு கோலையும் ஒரே இடத்துல நின்னு காக்கலாம்” என்பாள்.

இடக்கைக்குச் சிரிப்பு வராது. அந்த நாற்பது மீட்டர்தான் அவருக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒரே தூரம். தன் கண்ணெதிரே அது வருடம் ஒன்றரை மீட்டராகச் செத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்துப் போய், “ஒண்ணு சண்டை போடுங்க, இல்ல சாப்பிடுங்க. ரெண்டும் இல்லாம இப்படி உக்காந்திருந்தா எப்படி?” என்றார்.

சண்டை போடுவதற்கு ஏதாவது பிடி கிடைக்குமா என்று விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பதினான்காம் விதியில் கிடைத்தது. தலைநகரத்தில் நடக்கும் தகுதிப் போட்டியில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்கும் வட்டாரத்துக்கு, அடுத்த வருடப் போட்டியை நடத்தும் உரிமை. நடத்துகிற இடத்தில் நாற்பதுக்கு இருபது களம் இருந்தாக வேண்டும்.

ஓடினார் செயலாளரிடம். “சார், ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சா மேடையை எடுத்துத்தானே ஆகணும்?”

செயலாளர் கோப்பைத் திறந்து பார்த்தார். பதினொரு வருடமாக இந்த வட்டாரம் அந்தப் போட்டிக்கே போனதில்லை, அதற்கு முன் போனபோதும் ஓர் ஆட்டமும் ஜெயித்ததில்லை என்று கோப்பு சொன்னதால் அவருக்குத் தாராள மனம் வந்தது. “ஜெயிச்சுட்டு வாங்க கோச். மேடையில வெச்சே அறிவிக்கிறேன்” என்றார்.

அன்றிரவு இடக்கை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

போட்டிக்கு ஒரு பேருந்து ஏற்பாடாயிற்று. முப்பது இருக்கை. அணிக்கு ஊக்கம் தர இருபத்திரண்டு துணைத்தலைவர்கள் கிளம்பிவிட்டார்கள். மீதி எட்டு. “ஏழு பேர்தானே ஆடறாங்க? அப்புறம் மாத்து ஆட்டக்காரி எதுக்கு, கூட்டத்தைக் கூட்டறதுக்கா?” என்றார் செயலாளர். ஏழு பெண்களும் இடக்கையுமாகப் பின்வரிசையில் ஒன்பது மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனார்கள்.

தலைநகரத்து அரங்கத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“இது எத்தனை களம் சார்?” என்றாள் இடது ஓரத்தில் ஆடுகிறவள்.

“ஒண்ணுதான்ம்மா.”

“அந்தப் பக்கம் இருக்கறது?”

“அதுவும் நம்ம களம்தான். அதுவரைக்கும் ஓடணும்.”

அவள் அவரைப் பார்த்த பார்வையில், ஒன்பது வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி இருந்தது. இடக்கை ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

முதல் ஆட்டம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. பெண்கள் பந்தோடு புயலாகக் கிளம்புவார்கள். நடுக்கோடு வந்ததும் கால் தானாக நின்றுவிடும். அங்கே கோல் இருக்காது. கோலுக்கு இன்னும் இருபது மீட்டர் பாக்கி இருக்கும். எதிரணிக்காரிகள் முதலில் இதை ஏதோ தந்திரம் என்று நினைத்துப் பயந்தார்கள். ஐந்து நிமிடத்தில் பயம் தெளிந்துவிட்டது. முப்பத்தெட்டுக்கு ஆறு.

இரண்டாம் ஆட்டத்தில் கால்கள் கொஞ்சம் பழகின. பதினொரு கோல் போட்டார்கள். ஆனால் கோல் போட்ட ஒவ்வொருத்தியும் பார்வையாளர் மாடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்த இருபத்திரண்டு பேருக்கும் இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைத்தாள். பதினொரு வணக்கத்தில் எட்டு முடிவதற்குள் இந்தப் பக்கம் பதில் கோல் விழுந்தது. மாடத்தில் துணைத்தலைவர்கள் மிகவும் திருப்தியாக இருந்தார்கள். முப்பத்துமூன்றுக்குப் பதினொன்று.

தனியாகக் காரில் வந்திருந்த செயலாளர் மாடத்திலிருந்து இறங்கி வந்தார். “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்றார்.

“சார், கூடம் கோணல் இல்ல. கூடமே இல்ல” என்றார் இடக்கை. அதுவரை செயலாளரிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. செயலாளர் கோப்பில் குறித்துக்கொண்டார்.

மீதி ஒரே ஆட்டம். அதற்கு முன் இடக்கை தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார். எதிரணியின் கோச்சம்மா வந்தார்; கனத்த உடம்பு, ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவர் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் அணியும் இரண்டு ஆட்டத்திலும் மண்ணைக் கவ்வியிருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, ரொம்ப நாள் பழகினவர் மாதிரி கேட்டார்: “உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?”

இடக்கைக்குப் புரிந்துவிட்டது. “இருபத்திரண்டரை.”

“அடேயப்பா! மைதானமே இருக்கே! எங்களுக்குப் பத்தொன்பது.”

“மேடையா?”

“இல்ல, அடிக்கல். யார் வந்தாலும் புது அரங்கத்துக்குன்னு உள்ளேயே ஒரு அடிக்கல் நாட்டிட்டுப் போறாங்க. பதினாலு கல்லு நிக்குது. எடுத்தா நட்டவங்களுக்குக் கோவம் வரும். நாங்க கல்லுக்கு நடுவுல பூந்து பூந்து ஆடறோம்.”

இருவரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் கோச்சம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னைக்கு ஜெயிச்சா கல்லை எல்லாம் எடுத்துடறதா சொல்லியிருக்காங்க” என்றார்.

இடக்கை தனக்கும் அதேதான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்தம்மா அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கை கொடுத்துவிட்டுப் போனார். இடக்கைக்கு அழவேண்டும் போலிருந்தது.

பெண்களைக் கூட்டி, “இன்னைக்கு ஒரு நாள் வணக்கம் வேண்டாம்” என்றார்.

“மேல உக்காந்து பாத்துட்டிருக்காங்களே சார். ஆறு மாசம் தடை போட்டுட்டா?” என்றாள் ஓரத்தில் ஆடுகிறவள். இடக்கை அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தடை போடத்தான் செய்வார்கள்.

அந்த மூன்றாம் ஆட்டத்தைப் போல ஒன்றை அந்த நடுவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு அணியும் நடுக்கோட்டில் வந்து நின்றன. இரண்டு அணியும் வாயைத் திறக்கவில்லை. எதிரணிக்காரிகள் வெறும் தரையில் இல்லாத கற்களுக்கு வளைந்து வளைந்து ஓடினார்கள். அவர்களுக்கும் கோல் போட்டதும் வணங்குகிற வழக்கம் உண்டு. அங்கே இன்னும் கடுமை, ஒருத்தி போட்டால் ஏழு பேரும் வணங்க வேண்டும். ஆட்டம் மிகுந்த மரியாதையோடு நடந்து, முடிய எட்டு நொடி இருக்கையில் எதிரணி ஒரு கோல் போட்டுப் பதினாறுக்குப் பதினாறு என்று சமன் செய்தது. சமன் செய்துவிட்டு, கோல்கீப்பர் உட்பட ஏழு பேரும் தங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருந்த மூலைக்குத் திரும்பிக் குனிந்தார்கள்.

கதவு குனிந்து பழகாதவள். வலைக்குள் கிடந்த பந்தை எடுத்தாள், நடுக்கோட்டுக்கு எறிந்தாள். அங்கே ஓரத்தில் ஆடுகிறவள் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் நிற்கிற இடமே அதுதானே. நடுவர் விசில் ஊத, அங்கிருந்தே எதிர் கோலைப் பார்த்து வீசினாள். இருபது மீட்டர். வேறு எந்த அணிக்காரியும் அந்தத் தூரத்திலிருந்து எறிய யோசிப்பாள். இவளுக்கு அது ஏறக்குறைய தன் ஊர்க் களத்தின் முழு நீளம். தினமும் எறிகிற தூரம். எதிரணிக் கோல்கீப்பர் வணக்கத்தை முடித்து நிமிர்ந்தபோது பந்து வலையில் இருந்தது.

பதினேழுக்குப் பதினாறு.

பெண்கள் கதவின் மேல் விழுந்து புரண்டார்கள். இடக்கை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. எதிர் பெஞ்சில் கோச்சம்மா தன் பெண்களுக்குத் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இடக்கை அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். நாற்பது மீட்டர், நாற்பது மீட்டர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஊருக்கு வந்த மறுநாளே விதிப் புத்தகத்தோடு செயலாளர் அறைக்குப் போனார். செயலாளர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

“உரிமை வந்துருச்சு கோச்! அடுத்த வருஷப் போட்டி நம்மதுதான். நாற்பது மீட்டர் இருக்கான்னு தலைநகரத்துல கேட்டாங்க. இருக்குன்னு எழுதிட்டேன்.”

“எங்க சார் இருக்கு?”

“அரங்கம் நாற்பது மீட்டர்தானே? மேடையும் அரங்கத்துக்குள்ளதானே இருக்கு? அவங்க நீளம்தான் கேட்டாங்க, அதுல என்ன வெச்சிருக்கீங்கன்னு கேக்கல.”

“அப்ப ஆட்டம் எங்க நடக்கும்?”

செயலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “பக்கத்து வட்டாரத்துல பேசியாச்சு. தொடக்க விழா, நிறைவு விழா ரெண்டும் நம்ம கிட்ட. ஆட்டம் மட்டும் அவங்க கிட்ட. பாருங்க கோச், ஆட்டத்தை எவன் வேணும்னாலும் நடத்துவான். விழா நடத்தறதுக்கு ஒரு அமைப்பு வேணும். நமக்கு அது இருக்கு.”

“மேடையை எடுக்கறதா சொன்னீங்க.”

“மேடையில வெச்சு அறிவிக்கிறேன்னுதான் சொன்னேன். மேடையை எடுத்துட்டா எங்க வெச்சு அறிவிக்கிறது?”

இடக்கை அன்று வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் அந்தக் கோச்சம்மாவின் கை கண்ணில் வந்தது. அவரையும் தோற்கடித்தாயிற்று, இங்கேயும் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “எல்லாம் போச்சு” என்றார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சனிக்கிழமை பாராட்டு விழாவுல உங்களைப் பேசச் சொல்லியிருக்காங்கல்ல?”

“மூணு நிமிஷம். அதுல மேடையில இருக்கற முப்பது பேரையும் மூப்பு வரிசையில விளிக்கணும். அதுக்கே மூணு நிமிஷம் பத்தாது.”

“விளிக்காதீங்க.”

“விளிக்காம யாரும் பேசினதே இல்லம்மா.”

“அதனாலதான் யாரும் எதுவும் பேசினதில்ல. நேரா விஷயத்துக்கு வாங்க. மிஞ்சிப் போனா என்ன பண்ணிடுவாங்க? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?”

சனிக்கிழமை வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் முப்பது பேரும் பேசினார்கள். ஜெயித்ததற்குக் காரணம் தலைவரின் தொலைநோக்கு என்றார்கள்; பேருந்தை ஏற்பாடு செய்த கமிட்டி என்றார்கள்; ஒரு துணைத்தலைவர், தான் மாடத்தில் உட்கார்ந்த கோணமே காரணம் என்று படம் போட்டுக் காட்டினார். ஏழு பெண்களும் கீழே சுவரோரமாக நின்றிருந்தார்கள். அப்புறம் இடக்கையைக் கூப்பிட்டார்கள்.

இடக்கை மைக்கைப் பிடித்தார். யாரையும் விளிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். களத்தைக் குடுங்க. பதினேழரை மீட்டரை இந்த மேடை தின்னுடுச்சு. இந்தப் பொண்ணுங்களுக்கு நாற்பது மீட்டர்னா என்னன்னே தெரியாம வளத்துட்டேன். அது என் தப்பு. ஒன்பது வருஷம் வாயை மூடிட்டிருந்தது என் தப்பு. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். மேடையை எடுங்க. அவங்க ஓடணும்.”

இடக்கை மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். சொல்லியே விட்டோம்!

முதலில் தலைவர் தட்டினார். அப்புறம் பொருளாளர். அப்புறம் இருபத்தேழு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த மேடையில இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்ல,” என்றார் தலைவர். “என்ன உணர்ச்சி! என்ன சுருக்கம்! இந்த மனுஷன் இத்தனை வருஷம் கீழ நின்னுட்டு இருந்தாரேன்னு நினைச்சா எனக்கு வெக்கமா இருக்கு. இவர் இருக்க வேண்டிய இடம் இதுதான். இவரைச் சிறப்புத் துணைத்தலைவரா ஆக்கணும்னு முன்மொழியறேன்.”

வழிமொழிவதற்கு இருபத்தேழு பேரும் போட்டி போட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் தச்சர் அளவு டேப்போடு காத்திருந்தார். இடக்கை அவரைத் தாண்டிப் போகப் பார்த்தார். “எனக்கு நாற்காலி வேண்டாம்பா. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்.”

தச்சர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். “எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுக்கோங்க சார். ஏத்துக்கிட்டீங்கன்னா நீங்க தனி ஆளு, அரை வரிசை. முக்கால் மீட்டரோட போயிடும். மறுத்தீங்கன்னா, பதவியை மறுத்த பெரிய மனுஷன்னு ஆயிடும். அப்படிப்பட்டவங்களுக்குன்னு தனி வரிசை போடணும்னு விதி இருக்கு. சாதாரண வரிசையைவிட ஒரு படி உயரமா. படிக்கட்டோட சேத்து மூணு மீட்டர்.”

இடக்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டும் இல்லாம வேற வழி?”

“வேலையை விட்டுட்டுப் போயிடலாம் சார். ஆனா அதுக்கு வழியனுப்பு விழா இருக்கு.”

இடக்கை மனசுக்குள் கழித்துக் கழித்துப் பார்த்தார். எப்படிக் கழித்தாலும் முக்கால்தான் சின்னது. பெண்களுக்கு இரண்டே கால் மீட்டர் மிச்சமாகும். ஒன்பது வருடத்தில் அவர்களுக்காக அவரால் காப்பாற்ற முடிந்த மொத்த நீளம் அதுதான். எழுந்து, தச்சரின் பேனாவை வாங்கி, ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அப்புறம் வடக்கு கோலை அவரே தள்ளி முக்கால் மீட்டர் முன்னால் வைத்தார். தோள் விண்ணென்று தெறித்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் முப்பத்தோராவது நாற்காலியில் இருந்தார். துணைத்தலைவர்கள் கூட்டத்துக்கு வருவது கட்டாயம். கூட்டம் நடக்கையில் மேடையை விட்டு இறங்கக் கூடாது. கீழே பெண்கள் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கதவு ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். துடுக்காக ஏதாவது சொல்வாள் என்று இடக்கை எதிர்பார்த்தார். அவள் கோலுக்குள் போய் நின்றுகொண்டாள்.

ஓரத்தில் ஆடுகிறவள் பந்தோடு ஓடி வந்து எழும்பினாள். வலது கையால் எறிகிறவள், வலது காலிலேயே எழும்பினாள். அப்படி எழும்பினால் உடம்பு திரும்பாது. எறிகிற வேலை முழுவதையும் தோள் ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். இரண்டு மாதம், மூன்று மாதம், அப்புறம் தோளைக் காண முடியாது. அந்த அரங்கத்தில் இது தெரிந்த ஒரே ஆள் இடக்கைதான். “கால்! காலை மாத்து!” என்பது தொண்டை வரை வந்தது.

கையைத் தூக்கினார்.

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். “சிறப்புத் துணைத்தலைவர் பேச விரும்பறார்னு குறிச்சுக்கறேன். மூத்தவங்க பேசி முடிச்சதும் உங்க முறை.”

“சார், ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பொண்ணுகிட்ட…”

“முறைன்னு ஒண்ணு இருக்கு சார்.”

முதல் துணைத்தலைவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் வீற்றிருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்கத் தொடங்கினார். முன்பு முப்பது பேர், இப்போது முப்பத்தொருவர். இடக்கையை விளிக்கும்போது இடக்கை எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தார். கீழே அவள் மறுபடியும் அதே காலில் எழும்பினாள்.